மகிழ்ச்சியான வாடிக்கையாளர் தசரதன்

அன்று மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தசரதன் இரண்டு கைகளையும் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான். திருவண்ணாமலை அருகே அடி அண்ணாமலையில் உள்ள தன் வீட்டில் அவன் நிற்கவில்லை. அங்கே அவன் பாட்டுக்குக் கைகளை அசைத்துக்கொண்டுதான் இருந்தான். போளூர், செங்கம், கலசப்பாக்கம் என்று வெவ்வேறு ஊர்களில் இருந்த பதினோரு குழந்தைகளின் போன் திரைகளில்தான் நின்றுவிட்டான்.

அந்தப் பதினோரு பேருக்கும் காது கேட்காது. தசரதனுக்கும் கேட்காது. எட்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போனது. அதன் பிறகு அவன் பேசினால் சத்தம் ஜாஸ்தியாக வந்தது. பள்ளியில் பையன்கள் சிரித்தார்கள். சிரிப்பு கேட்கவில்லை, வாய்கள் தெரிந்தன. அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். இப்போது நாற்பத்தொரு வயது. பகலில் வீட்டிலிருந்தபடியே கல்யாண பேனர்களை கம்ப்யூட்டரில் வடிவமைப்பான். மாலையில் ஒரு மணி நேரம் குழந்தைகளுக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுப்பான்.

வாயால் பேசுகிற வாத்தியாருக்கு நெட் சரியில்லை என்றால் குரல் கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். கையால் பேசுகிறவனுக்கு நெட் நின்றால் வார்த்தை பாதியில் தொங்கும். போளூரில் இருந்து ஆர்த்தி என்ற தாய் செய்தி அனுப்பியிருந்தாள். அவளுடைய ஆறு வயது மகள் அறிவுமதி வகுப்பிலேயே சிறியவள்.

“சார், பாப்பா ரெண்டு கையையும் தூக்கிட்டு அப்படியே நிக்கிறா. மூனு நாளா இதேதான். இதுதான் பாடமா? இந்த மாசம் பார்த்துட்டு, சரிவரலன்னா வேலூர் ஹாஸ்டல்ல சேர்த்துடலாம்னு அவங்க அப்பா சொல்றாரு.”

தசரதன் அதை மனைவி ரேணுகாம்பாளிடம் காட்டினான். அவளுக்குக் காது கேட்கும். கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டிலும் மோரும் விற்கும் பெட்டிக்கடை அவளுடையது. ஆறு வயதுப் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போவதை நினைத்தபடியே அவள் அலமாரி மேல் இருந்த ரௌட்டரைத் துடைத்தாள். அதைவிட வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர்களுக்கு நெட் கொடுத்திருந்தது சுடர்க்கொடி ஃபைபர்நெட் என்ற கம்பெனி. ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்த வாடிக்கையாளர்களுக்குப் புதிய அதிவேக ரௌட்டர் இலவசம் என்று அதன் செயலியில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. தசரதன் வாடிக்கையாளராகி ஐந்து வருடம் நான்கு மாதம் ஆகிறது. விண்ணப்பம் போட்டான். உடனே கம்பெனி அவனுக்குப் போன் செய்தது. அவனுக்குக் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் செய்தி வந்தது: ‘தங்களைத் தொடர்புகொண்டோம். தாங்கள் பதிலளிக்காததால் தங்கள் தேவை மகிழ்ச்சியுடன் நிறைவு செய்யப்பட்டது.’

மறுபடி விண்ணப்பித்தான். மறுபடி போன் வந்தது. மறுபடி மகிழ்ச்சியுடன் நிறைவு செய்யப்பட்டது. ஒன்பது நாட்களில் பதினான்கு தடவை இப்படி நிறைவு பெற்றான்.

பதினைந்தாவது தடவை ரேணுகாம்பாள் கடையை அடைத்துவிட்டு வந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மணி அடித்ததும் எடுத்தாள்.

“வணக்கம். மிஸ்டர் தசரதன் கூடப் பேசலாமா?” என்றது ஒரு பெண் குரல்.

“அவரு என் வூட்டுக்காரர்தாங்க. அவருக்குக் காது கேக்காது. என்கிட்ட சொல்லுங்க.”

“பரவாயில்லைங்க மேடம். அவரையே பேசச் சொல்லுங்க.”

“பேசவும் மாட்டாருங்க.”

“ஏன் மேடம், எங்க மேல எதுனா வருத்தமா?”

ரேணுகாம்பாள் மறுபடி முதலில் இருந்து விளக்கினாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பாதுகாப்பு விதிப்படி கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் குரலில் ஒப்புதல் பதிவாக வேண்டும், ‘ஆம்’ என்று ஒரே ஒரு சொல் போதும், என்று சொல்லி ஓர் இயந்திரக் குரலுக்கு இணைப்பை மாற்றிவிட்டாள்.

ரேணுகாம்பாள் போனை ஸ்பீக்கரில் போட்டு, விஷயத்தைக் கையால் சொன்னாள். தசரதன் போனையே பார்த்தான். அவன் யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல அவள் கை எழுவதற்குள் அவன் குனிந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “ஆம்” என்றான். முப்பத்து மூன்று வருடம் கழித்து வந்த குரல் அது. கல்யாணம் ஆனதில் இருந்து அவள் அதைக் கேட்டதில்லை.

“மன்னிக்கவும். தங்கள் பதில் புரியவில்லை. மீண்டும் கூறவும்” என்றது இயந்திரம்.

அவள் விரலை உயர்த்தி இன்னொரு முறை என்று காட்டினாள். அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். தெருவில் போன ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவையும் புரியவில்லை என்று சொல்லிவிட்டு இயந்திரம் போனை வைத்துவிட்டது.

என்ன சொன்னது என்று தசரதன் கையால் கேட்டான்.

லைன் கட்டாகிவிட்டது என்று ரேணுகாம்பாள் சொன்னாள். கைக்கும் பொய் சொல்ல வரும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த கட்டமாகத் தசரதன் செங்கம் ரோட்டில் இருந்த கம்பெனியின் அலுவலகத்துக்கே போனான். டோக்கன் எண் பத்தொன்பது. எண்ணைக் காட்ட வேண்டிய பலகை நெட் இல்லாததால் இருண்டு கிடந்தது. அதனால் காவலாளி எண்களை வாயால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தசரதன் பத்து மணி முதல் ஒரு மணி வரை இருண்ட பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் எண் மூன்று முறை கூப்பிடப்பட்டு, விதிப்படி காலாவதியானது. வீடு திரும்பும் வழியில் அவன் போனுக்கு, நேரில் வந்து சேவை பெற்றமைக்கு நன்றி தெரிவித்துக் கம்பெனியில் இருந்து செய்தி வந்தது.

மறுநாள் ரேணுகாம்பாளும் உடன் சென்றாள். அவர்களை வரவேற்றவர் அருள்ராஜ். அவர் மேசையில் ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர் (பொறுப்பு)’ என்று பலகை இருந்தது. நிரந்தர மகிழ்ச்சி அலுவலர் இடம் இரண்டு வருடமாகக் காலியாக இருக்கிறதாம். அருள்ராஜுக்கு உதட்டை மூடும் அளவுக்கு அடர்ந்த மீசை. உதடுகளைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளத் தசரதனுக்கு நன்றாகவே வரும், ஆனால் மீசைக்குப் பின்னால் நடப்பதை அவனால் படிக்க முடியாது. ஆகவே ரேணுகாம்பாளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குரல் ஒப்புதல் இல்லாம ஒன்னும் நகராது மேடம்” என்றார் அருள்ராஜ்.

ரேணுகாம்பாள் அரசாங்கம் கொடுத்த மாற்றுத்திறனாளி அட்டையை எடுத்து வைத்தாள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இதுல இவருக்குக் காது கேக்காதுன்னுதான் போட்டிருக்கு. ரௌட்டர் பழசுன்னு போடலையே?”

“ரௌட்டர் பழசுன்னு அரசாங்கம் எப்படி சார் அட்டை குடுக்கும்?”

“அதைத்தான் மேடம் நானும் சொல்றேன்.”

“சரி, என் பேர்ல மாத்திக்குடுங்க. நான் பேசறேன்.”

“தாராளமா. ஆனா உங்க பேர்ல மாத்துனா நீங்க புது கஸ்டமர். புது கஸ்டமருக்கு அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் புது ரௌட்டர்.”

ரேணுகாம்பாள் குழந்தைகளைப் பற்றிச் சொன்னாள். அறிவுமதியைப் பற்றியும் ஹாஸ்டலைப் பற்றியும் சொன்னாள். அருள்ராஜ் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சொந்தத் தங்கையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“இங்க பாரும்மா. நாங்க குறையைத் தீர்க்கறது கிடையாது, மூடறோம். தீர்க்கறதுன்னா எப்ப தீரும்னு யாருக்குத் தெரியும்? மூடறதுன்னா எங்க கையில இருக்கு. போன மாசம் மட்டும் ஆயிரத்து நானூறு குறை மூடினேன். மாநிலத்துலயே ரெண்டாவது எடம். மொத எடம் ஓசூர். அங்க குறை வர்றதுக்கு முன்னாடியே மூடிடறாங்க.”

கடைசியில், வீட்டுக்கு டெக்னீசியனை அனுப்பி வைப்பதாகச் சொன்னார். டெக்னீசியன் பெயர் பாலாஜி. அவன் மறுநாளே வந்தான். விதிப்படி வாசலில் நின்று தசரதனுக்குப் போன் செய்தான். உள்ளே ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேனர் வடிவமைத்துக்கொண்டிருந்த தசரதன் எடுக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னல் வழியாகத் தசரதன் தெரியவும் செய்தான். இருந்தாலும் போன் எடுக்கப்படவில்லை என்றால் செயலியில் ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. பாலாஜி அதை அழுத்திவிட்டு, மனசு கேட்காமல் உள்ளே போனான். கடையில் இருந்து ரேணுகாம்பாளும் ஓடிவந்தாள்.

ரௌட்டரைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, உங்க லைன்ல ஒரு கொறையும் இல்ல. டப்பாதான் பழசு. சுத்தி மூனு லாட்ஜ் வந்துடுச்சு பாருங்க, ரூமுக்கு ரூம் வைஃபை. இந்தப் பழைய டப்பாவுக்குத் தெரிஞ்சது ஒரே பாதை. எல்லாரும் அதுலயேதான் போறாங்க. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில ஆம்புலன்ஸ் ஓட்டுற மாதிரி. புது டப்பாவுக்கு இன்னொரு பாதையும் தெரியும். அது காலியாக் கெடக்கு.”

ரேணுகாம்பாள் இதைக் கையால் சொல்லி முடிப்பதற்குள் தசரதன் தலையாட்டினான். பாலாஜிக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை.

“அப்ப புதுசு ஒன்னு வச்சுட்டுப் போப்பா.”

“எங்க ஆபீசுக்கு வந்ததே ஒன்னுதான்க்கா. அது மேனேஜர் கேபின்ல ஓடுது. டப்பா மட்டும் ஷோகேஸ்ல இருக்கு.”

“நாங்களே கடையில ஒன்னு வாங்கி மாட்டிக்கிறோம்.”

“வெளி டப்பா மாட்டினா கம்பெனி லைனை ஏத்துக்காது. சிவப்பு லைட்டு எரியும்.” பாலாஜி கொஞ்சம் தயங்கினான். “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

வேறு கம்பெனியைக் கேட்கலாம் என்றால், அடி அண்ணாமலையின் அந்தத் தெருவுக்கு வேறு கம்பெனியின் கேபிள் இன்னும் வரவில்லை. அன்றைய வகுப்பில் தசரதன் நான்கு தடவை உறைந்தான். ஒரு தடவை வாயைத் திறந்தபடி, கண்களை மூடியபடி, ஒற்றை விரலை நீட்டியபடி ஆறு நிமிடம் இருந்தான். மூன்று குழந்தைகள் வகுப்பைவிட்டுப் போய்விட்டார்கள். அறிவுமதி மட்டும் அவனைப் போலவே வாயைத் திறந்து, கண்ணை மூடி, விரலை நீட்டி, ஆறு நிமிடமும் கூடவே இருந்தாள்.

இந்த நிலையில்தான் கம்பெனியின் ஆண்டு விழா வந்தது.

ஒவ்வொரு மாவட்டத்திலும் மிகவும் மகிழ்ச்சியான வாடிக்கையாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மேடையில் புது ரௌட்டர் பரிசளிக்க வேண்டும் என்று சென்னையில் இருந்து உத்தரவு. தேர்வைக் கணினியே செய்தது. வாடிக்கையாளர் சேவை மையத்தை ஒருமுறைகூடப் போனில் அழைக்காதவர் யார், அதிக எண்ணிக்கையில் மகிழ்ச்சியுடன் நிறைவு செய்யப்பட்டவர் யார் என்று தேடியது. திருவண்ணாமலை மாவட்டம் முழுவதிலும் ஒரே ஒரு பெயர்தான் வந்தது.

அருள்ராஜ் தானே வண்டி எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வந்து அழைப்பிதழ் கொடுத்தார். ரேணுகாம்பாளிடம் அரைப் பக்கத்துக்கு ஒரு நன்றியுரையும் கொடுத்தார்.

“அவரு சும்மா கையை அசைச்சா போதும். நீங்க மைக்ல இதைப் படிச்சுடுங்க மேடம்.”

விழா அலுவலகத்தின் காத்திருப்பு அறையிலேயே நடந்தது. டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்களையே பார்வையாளர்களாக உட்கார வைத்தார்கள். சுவரில் பெரிய டிவி. அதில் சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருந்து இயக்குநர் மணிவேல் காணொளியில் கலந்துகொள்ளப்போகிறார். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. மேனேஜர் புகழேந்தி தசரதனுக்குச் சால்வை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“மத்த கஸ்டமருங்க காலையில எழுந்ததும் பல் விளக்கறதுக்கு முன்னாடி நம்மளைத்தான் திட்டறாங்க. ஆனா இந்த மனுஷரைப் பாருங்க. அஞ்சு வருஷம். ஒரு போன்? ஒரு வார்த்தை? நாம என்ன சேவை குடுத்தாலும் அதை அமைதியா ஏத்துக்கிட்டாரு. நாம குடுக்காதப்பவும் அமைதியா ஏத்துக்கிட்டாரு. ஒவ்வொரு கஸ்டமரும் இவரை மாதிரி ஆகணும்ங்கறதுதான் நம்ம கம்பெனியோட லட்சியம். அந்த திசையிலதான் நாம தெனமும் உழைக்கிறோம்!”

கைதட்டினார்கள். ரௌட்டர் பெட்டி தசரதன் கையில் கொடுக்கப்பட்டது. புகைப்படம் எடுக்கப்பட்டது. அடுத்து இயக்குநரின் உரை. டிவி முழுவதையும் அடைத்துக்கொண்டு மணிவேலின் முகம் வந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

“சார், ஆடியோ வரலைங்க சார்!” என்றார் புகழேந்தி டிவியைப் பார்த்து.

இங்கே பேசுவது மணிவேலுக்கும் கேட்கவில்லை. அவர் தன் பக்கத்தில் இருந்த யாரிடமோ தொடர்ந்து பேசினார். தன் முகம் டிவியில் வந்துவிட்டது அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. ஆனால் இயக்குநர் பேசும்போது ஊழியர்கள் சும்மா இருக்க முடியாது. எல்லோரும் கைகட்டி, புன்னகைத்து, சத்தமில்லாத உரைக்குத் தலையாட்டினார்கள். அருள்ராஜ் குறிப்பும் எடுத்தார்.

மணிவேல் மீசை வைக்காதவர். நல்ல வெளிச்சம், நேரான முகம், ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டை முழுதாக மடக்கிப் பேசுகிற பழக்கம். தசரதன் இப்படி ஒரு வாயைப் பார்த்ததே இல்லை. எப்போதும் பாதிதான் பிடிபடும், மீதியைக் கோர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே ஏறக்குறைய எல்லாமே பிடிபட்டது. வீட்டில் டிவி பார்க்கும்போது செய்வதுபோல, தன்னை அறியாமல் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரேணுகாம்பாளுக்குக் கையால் சொல்ல ஆரம்பித்தான்.

மைக்கோடு நின்ற ரேணுகாம்பாளின் முகம் மாறியது. புகழேந்தி கவனித்துவிட்டார்.

“என்னம்மா, சார் பேசறது இவருக்குப் புரியுதா?”

“உதட்டைப் பாத்து சொல்றாருங்க.”

“அடடா! அப்ப சொல்லுங்கம்மா, மைக்ல சொல்லுங்க! டைரக்டர் சார் பேச்சு ஒரு வார்த்தைகூட வீணாகக் கூடாது!”

ரேணுகாம்பாள் தன் கையில் இருந்த நன்றியுரையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“‘இன்னும் எவ்ளோ நேரம் இது? எனக்குப் பசிக்குது’ன்றாரு.”

புகழேந்தி உடனே சிரித்தார். “சாருக்கு எப்பவும் தமாஷ்தான்.” ஊழியர்களும் சிரித்தார்கள்.

“‘அந்த ஆளுக்குப் பேச வராது இல்ல? நல்லதாப் போச்சு. பேசறவன்னா மைக்கைப் புடுங்கி மானத்தை வாங்கியிருப்பான்.’”

அருள்ராஜ் குறிப்பெடுப்பதை நிறுத்தினார்.

“‘பெட்டிக்குள்ள ஒன்னும் வைக்கல இல்ல?’னு கேக்கறாரு. ‘நல்லா விசாரிச்சியா? போன வருஷம் வந்தவாசியில ஒரு முட்டாள் நெஜமாவே உள்ள வச்சுக் குடுத்துட்டான்.’”

தசரதன் கக்கத்தில் இருந்த பெட்டியை எடுத்துப் பிரித்தான். உள்ளே வெள்ளை தெர்மாகோல் இருந்தது. அதில் ரௌட்டர் உருவத்துக்கு அழகாகக் குடைந்த ஒரு பள்ளம் இருந்தது. அதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினான்.

முதலில் சிரித்தது டோக்கன் எண் ஏழு. நான்கு மாதமாக நெட் வராத ஜோதியம்மாள் என்ற டெய்லர். பிறகு மொத்தக் கூட்டமும் சிரித்தது. சிலர் போனில் படம்பிடித்தார்கள். டிவியில் மணிவேல் எதையோ சிரித்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“இப்ப என்ன சொல்றாருக்கா?” என்று பின்னால் இருந்து யாரோ கத்தினார்கள்.

புகழேந்திக்கு வியர்த்துவிட்டது. “பாலாஜி! என் கேபின்ல இருக்கறதைக் கழட்டிக் கொண்டாப்பா! சீக்கிரம்!”

பாலாஜி அதற்காகவே காத்திருந்தவன்போல ஓடினான். அவன் ஒயரைப் பிடுங்கியதும் டிவியில் இயக்குநர் மணிவேல் வாயைத் திறந்தபடி, ஒரு கண்ணை மூடியபடி உறைந்துபோனார். ரௌட்டர் தசரதன் கைக்கு வந்தபோது இன்னும் சூடாக இருந்தது.

“குரல் ஒப்புதல் இல்லாம இவரு பேர்ல ஏறாதுங்களே சார்” என்றார் அருள்ராஜ். அந்த நிலையிலும் அவர் விதியை மறக்கவில்லை.

அவர் ஒப்புதல் எண்ணை அழைத்ததும் புகழேந்தி போனைப் பிடுங்கினார். “தாங்கள் தசரதனா? ஆம் என்று கூறவும்” என்றது இயந்திரம். கூட்டத்தைப் பார்த்தார். “ஆம்” என்றார். இயந்திரத்துக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. அன்றிலிருந்து கம்பெனியின் ஏடுகளில் மேனேஜர் புகழேந்தியின் குரல்தான் அடி அண்ணாமலை தசரதன்.

இந்தச் சம்பவத்தைத் தலைமை அலுவலகம் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. மூன்று பேர் கொண்ட குழு விசாரித்து அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் ஒரு வாரத்தில் எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை வந்தது: இனிமேல் காணொளி விழாக்களில் கலந்துகொள்ளும் உயரதிகாரிகள் அனைவரும் கட்டாயம் முகக்கவசம் அணிய வேண்டும். பெட்டிகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

விழா நடந்த அன்றே பாலாஜி வீட்டுக்கு வந்து ரௌட்டரை மாட்டினான். ஆளில்லாத பாதை எது என்று பார்த்து அதில் திருப்பிவிட்டான். மாலை ஆறு மணிக்குத் தசரதன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். பாடம் நடத்தவில்லை. போன மூன்று குழந்தைகளும் திரும்ப வந்திருந்தார்கள். அவர்களுக்கு அன்று நடந்த கதையைச் சொன்னான். இருண்ட பலகை, மீசை, சால்வை, சத்தமில்லாத உரை, தெர்மாகோல் பள்ளம். ஒரு விரல்கூட உறையவில்லை. பதினோரு கட்டங்களிலும் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்த சத்தம் அவர்களுக்குத் தெரியாது, அந்தந்த வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

போளூரில் ஆர்த்தி அடுப்பை அணைத்துவிட்டு என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். அறிவுமதி போனை விட்டுவிட்டு அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். சால்வையை முதலில் போர்த்தினாள். பிறகு மீசை வைத்தாள். பெட்டியைத் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு கைகளையும் விரித்தாள்.

மகள் அவளிடம் ஒரு கதையை முழுதாகச் சொன்னது அதுவே முதல் முறை. ஆர்த்திக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதிக்கே சிரித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.